இருட்டையும் சேர்த்துப் பொருத்தும் வேலை

பொது இடங்களில் மக்கள் உள்ளே நுழைந்து நடந்து செல்லும்படி அமைக்கப்படும் ஒளிக் கலைப் படைப்புகளுக்குக் கம்பி இழுத்து, கண்ட்ரோலரை நிரல்படுத்தித் தருவது என் வேலை. அலுவலகத்து மடிக்கணினித் திரையில் எல்லா வடிவமைப்பும் அழகாகத்தான் இருக்கும்; இடத்திற்குப் போன பிறகுதான் தெருவிளக்கு ஒன்று நம் படைப்புக்குள் நேராக எட்டிப் பார்ப்பது தெரியவரும்.

ஒளிரும் தோரண வளைவுகளால் ஆன ஒரு நடைபாதையின் முதல் இரவு ஒத்திகையில், வெளிச்சமான சாலையிலிருந்து வந்தவர்களுக்கு உட்புறம் மங்கலாகத் தெரிந்ததால், ஒளியைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினோம். அதன்பின் மெல்ல மூச்சுவிடுவது போல எழுந்து தாழ வேண்டிய ஒளி வெறும் பளபளப்பாகி, வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்கள். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒளிக் கலைஞர் ஜேம்ஸ் டரெல் 1983-இல் அமைத்த 'பிளையடீஸ்' அறையில் பார்வையாளர் இருட்டில் பல நிமிடங்கள் உட்கார்ந்திருந்தால்தான் அந்த மங்கிய ஒளி புலப்படத் தொடங்கும். வழிப்போக்கரை நாம் அப்படி உட்காரவைக்க முடியாது. ஆகவே நுழைவாயிலைச் சற்று வளைத்துச் சாலை வெளிச்சத்தை மறைத்தோம். முதல் சில வளைவுகளை மட்டும் பிரகாசமாக வைத்து, அங்கிருந்து படிப்படியாக இறக்கினோம்.

இறக்கியதும் அடுத்த தொல்லை வந்தது. விளக்குகளுக்கு ஆணை அனுப்பும் டிஎம்எக்ஸ் முறையில் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு நிறத்தின் பிரகாசத்தைச் சொல்லும் தடத்துக்கு, 0 முதல் 255 வரை 256 நிலைகள்தான் உண்டு. உச்சியில் ஒரு படி குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் 4-லிருந்து 3-க்கு இறங்கும்போது கால்பங்கு ஒளி சட்டென்று போய்விடுவதால், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது தடுக்கி விழுவது போலத் தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு சேனல்கள் ஒதுக்கி 16 பிட்டுக்கு மாறினால் 65,536 நிலைகள் கிடைக்கும் என்றாலும், 512 சேனல்கள் கொண்ட ஒரு தொகுதியில் அடங்கும் மூவண்ண ஒளிப்புள்ளிகள் (பிக்சல்கள்) 170-லிருந்து 85 ஆகக் குறையும். முகவரிகளையெல்லாம் மாற்றி எழுதி, கம்பிகளை மறுபடியும் இழுக்க எங்களுக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. பார்த்தவர்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது, தெரியாததே நல்லது.

ஆள் வருவதை உணர்ந்து வளைவுகளை ஒளிரவைக்கும் சென்சார்களில் நடந்த தவறு மட்டும் முழுக்க என்னுடையது. அவற்றை நின்று நடப்பவரின் மார்பளவு உயரத்தில் பொருத்தியிருந்தேன். திறப்பு நாளன்று சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் பாதி தூரம் கடந்தும் எந்த வளைவும் அவருக்காக விழித்துக்கொள்ளவில்லை. பின்னால் நடந்து வந்தவருக்கே ஒளிர்ந்தது. நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அன்றிரவே எல்லாவற்றையும் கழற்றி இடுப்புக்குக் கீழே இறக்கினோம். இப்போதெல்லாம் பாதை திறக்கும் முன், சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நானே உருண்டு போய்ப் பார்த்துவிடுகிறேன்.