மலையகத்தில் கேம்பர் வான்: இரண்டாவது ஒல்டர்நேட்டரைக் கழற்ற விடாதீர்கள்

கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, பிறகு வெலிமடைப் பக்கமாக இறக்கம். ஏறி இறங்கிய கையோடு எழுதக் காரணம் கோபம். உள்ளே தங்கிச் சமைக்கும் கேம்பராக மாற்றிய வானைக் கண்டதும் கராஜ்களில் வரும் முதல் யோசனை: "ரெண்டாவது ஒல்டர்நேட்டர் எதுக்கு? கழட்டிப் போடுங்க, டீசல் மிச்சம்." ஒல்டர்நேட்டர் என்பது எஞ்சின் பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தரும் கருவி; இரண்டாவது, வானுக்குள் இருக்கும் சாமான்களின் பெட்டரியை ஏற்றுவதற்கு. கழற்றக் கேட்கும் கூலியில் நல்ல பெல்ட் இரண்டு வாங்கலாம்.

டீசல் கணக்கையே பார்ப்போம். 100 ஆம்பியர், 14 வோல்ட் என்றால் 1.4 கிலோவாட். ஒல்டர்நேட்டரின் திறன் 55-60 சதவீதம்தான். ஆகவே எஞ்சினிலிருந்து போவது ஏறக்குறைய 2.5 கிலோவாட், மூன்று குதிரைவலுவுக்கு மேல். தண்ணீர்த் தாங்கி, கட்டில், அடுப்பு என்று சுமையேற்றிய பழைய டீசல் வான் றம்பொடை வளைவுகளில் இரண்டாவது கியரில் முனகும்போது அது நன்றாகத் தெரியும். அதற்குக் கழற்றுவதா மருந்து? ஒரு சுவிட்ச் போதும். ஏற்றத்தில் நிறுத்துங்கள், இறக்கத்தில் போடுங்கள். கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு டீசல் போகாது. பெட்டரி இலவசமாக ஏறும், எஞ்சின் பிரேக்குக்கும் கொஞ்சம் பலம் கூடும். மலையில் இதைவிட நல்ல பேரம் கிடையாது!

சுவிட்ச் எங்கே என்பதுதான் விஷயம். பெட்டரிக்குப் போகும் பி பிளஸ் கேபிளை ஓட்டத்தில் துண்டிக்கவே கூடாது. வோல்டேஜ் எகிறி, உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோட்டுகள் போய்விடும். ஒல்டர்நேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் ஃபீல்ட் வயரைத்தான் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக நிறுத்த வேண்டும். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் சில மொடல்கள் ஒருமுறை சார்ஜ் பண்ணத் தொடங்கினால் வயரை எடுத்தாலும் நிற்காது, அவற்றுக்கு வெளி ரெகுலேட்டர் வேண்டும். லிதியம் பெட்டரியின் பிஎம்எஸ் (பெட்டரியைக் காக்கும் மின்சுற்று) திடீரென வெட்டினாலும் அதே சேதம்தான். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழும். பூச்சியம் பாகைக்குக் கீழே லிதியத்தைச் சார்ஜ் பண்ணக் கூடாது, நல்ல பிஎம்எஸ் வெட்டிவிடும். அதனால் நடுவில் சிறிய ஈய-அமில பெட்டரி ஒன்றை வைத்து, அதிலிருந்து டிசி-டிசி சார்ஜர் (ஒரு பெட்டரியிலிருந்து மற்றதை அளவாக ஏற்றும் கருவி) வழியாக லிதியத்துக்குக் கொடுங்கள்.

சோலர் இருக்கிறதே என்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது கூரைத் தகட்டை நம்ப முடியாது. அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வெயில்.

ரோசா, கோஸ்டர் போன்ற சிறிய பஸ்களை மாற்றியவர்கள் இன்னும் கவனம். வண்டி பெரும்பாலும் 24 வோல்ட், உள்ளே சாமான்கள் 12 வோல்ட். இரண்டாவது ஒல்டர்நேட்டர் 12 வோல்ட் என்றால் அது தங்கம்.

கழற்றத்தான் வேண்டிய வண்டிகளும் உண்டு. தெருவோரத்தில் வெல்டிங் பண்ணிய பிராக்கெட், வெடித்த போல்ட் துளை, நேர்கோட்டில் இல்லாத புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்): இவை இருந்தால் யோசிக்க வேண்டாம். புல்லிகளுக்குக் குறுக்கே நேரான இரும்புச் சட்டம் வைத்தாலே தெரியும். இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் அரைபட்டு, பிராக்கெட்டில் கறுப்புத் தூள் படிந்திருக்கும். சிறிய ஃபிரிஜ், விளக்கு, ஃபேன் மட்டும்தான் என்றாலும் கழற்றலாம், பிரதான ஒல்டர்நேட்டரும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரும் போதும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் 80 ஆம்பியர்-மணிக்கு மேல் ஏறிவிடும்.

கழற்றுமுன் எது பிரதானம், எது இரண்டாவது என்று பாருங்கள். ஹையேஸின் 2எல், 3எல், 5எல் டீசல் எஞ்சின்களில் பிரேக் பூஸ்டருக்கான வெக்குவம் பம்ப் ஒல்டர்நேட்டரின் பின்புறத்திலேயே இருக்கிறது. எண்ணெய்க் குழாயும் தடித்த ரப்பர் குழாயும் போகும் ஒல்டர்நேட்டரில் கை வைத்தால் மிதிக்கும் பிரேக் கல்லாகிவிடும். கடுகண்ணாவை இறக்கத்தில் அந்த நிலை யாருக்கும் வேண்டாம். முதலில் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பி பிளஸ் கேபிளை டேப் சுற்றித் தொங்கவிடாமல் பெட்டரி முனையிலிருந்தே எடுத்துவிடுங்கள். மற்றவற்றையும் சுற்றும் பொது பெல்ட் என்றால், அந்த இடத்தில் பெல்ட்டைத் தாங்கி வெறுமனே சுற்றும் ஐட்லர் புல்லி போட வேண்டும். குறுக்கு வழியாகக் குட்டை பெல்ட் போட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்ப் சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

வைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பெட்டரி முனைகளில் பிடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோட் போயிருக்கும். கராஜ் பாஸ் முழு ஒல்டர்நேட்டரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் டயோட் தட்டைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.