பழைய எச்டி பெட்டிக்கு என்ன டிஷ், என்ன எல்என்பி?

பழைய எச்டி செட்டாப் பெட்டி நன்றாக ஓடுகிறது என்றால் தயவுசெய்து கழித்துப் போடாதீர்கள், தூர்தர்ஷனின் சந்தா இல்லாத டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பார்க்க அது தாராளமாகப் போதும். ஆனால் மாதச் சந்தா கட்டி வாங்கிய டிடிஎச் பெட்டி என்றால் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கென்றே பூட்டியிருக்கும், வேலைக்கு ஆகாது.

60 செ.மீ. டிஷ் போதும் என்பார்கள் கடையில். சாதாரண நாளில் சரிதான், ஐப்பசி அடைமழையில் டிடிஎச் வருகிற கேயு பேண்ட் அலைவரிசைச் சிக்னல் படுத்துவிடும், அதனால் மாடியில் இடம் இருந்தால் 90 செ.மீ. வாங்குங்கள் என்பேன். எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி, யுனிவர்சல் வகையாக இருக்கட்டும், பெட்டி மெனுவில் 9750/10600 என்று வைக்க வேண்டும். அட்டையில் இரைச்சல் அளவு 0.1 டிபி என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அந்தக் காசை டிஷ்ஷையும் பெட்டியையும் இணைக்கும் நல்ல ஆர்ஜி-6 கேபிளில் போடுங்கள். கனெக்டர் மாட்டும்போது வெளிப்பின்னலின் ஒரே ஒரு இழை நடுச் செம்புக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட்தான், ஏனென்றால் எல்என்பிக்குப் போகும் 13, 18 வோல்ட் மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. பெட்டியை அணைத்துவிட்டு மாட்டுங்கள், மாடியில் இருக்கும் முனையில் தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றுங்கள்.

அப்புறம் திசை. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்கில், சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, வானத்தில் கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தில். எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் ஆஃப்செட் டிஷ் அவ்வளவு அண்ணாந்து பார்க்காது, அதைக் கண்டு குழம்ப வேண்டாம். கொஞ்சம் திருப்பி, சில நொடி நிறுத்தி, மறுபடி திருப்புங்கள், பழைய பெட்டி சிக்னலைக் காட்ட நேரம் எடுக்கும். பெட்டியின் சிக்னல் மெனுவில் ஸ்ட்ரெங்த்தை விடுங்கள், குவாலிட்டி ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.