வோக்லூஸ்: பாறைக்கடியில் பிறக்கும் ஆறு

தென் பிரான்ஸில், அவிஞ்ஞோன் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது ஃபோன்தேன் தெ வோக்லூஸ் என்ற சிற்றூர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணைப் பிடித்து நிறுத்துவது சோர்க் ஆற்றின் பச்சை நிறம். அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். நீளநீளமான நீர்ச்செடிகள் ஓட்டத்தோடு சாய்ந்து கிடக்கின்றன. ஆகஸ்ட் வெயிலிலும் காலை வைத்தால் சுரீரென்றது. இந்த நீர் ஆண்டு முழுவதும் 12, 13 டிகிரியில்தான் இருக்குமாம்.

கரையோரமாகவே மேலே நடந்தால் சற்று நேரத்தில் பாதை முடிந்துவிடுகிறது. எதிரே 230 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை, அடியில் ஒரு குகைவாய், அதற்குள் அசைவில்லாத கருநீலக் குளம். பிரான்ஸின் மிகப் பெரிய ஊற்று இதுதான். மழையும் பனியுருகலும் முடிந்த வசந்தத்தில் குளம் பொங்கிப் பாறைகள்மேல் வெள்ளமாக இறங்கும். கோடையில் நீர்மட்டம் உள்ளே போய்விடும். ஆறு கீழே கற்குவியலுக்கு அடியிலிருந்து புறப்படும். நான் பார்த்தது இந்தக் கோடைக்கோலத்தைத்தான், அதுவே எனக்குப் பிடித்தது. தலைக்கு மேலே பாறைச்சுவரில் ஒரு அத்திமரம் தொற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறும் என்று நினைத்தபடி நிமிர்ந்து பார்த்தால்தான் இந்த ஊற்றின் பலம் புரிகிறது.

வோன்தூ மலையிலும் சுற்றியுள்ள பீடபூமியிலும், 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் பெய்யும் மழை பாறை வெடிப்புகள் வழியாக இறங்கி இங்கே வந்து சேர்கிறது. ஆண்டுக்கு 60 கோடி கன மீட்டருக்கும் மேல்! 1946-ல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவும் நண்பர் தூமாவும் இதற்குள் மூழ்கி, சுவாசக் காற்றில் நச்சு கலந்திருந்ததால் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்கள். அடியைத் தொட்டது 1985-ல் இறக்கிய ஒரு கருவி. 308 மீட்டர், கடல் மட்டத்துக்கும் எவ்வளவோ கீழே. பின்னாளில் உள்ளேயிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கால நாணயங்களை எடுத்தார்கள். தண்ணீர் பிறக்கும் இடத்தில் காசு போட்டுக் கும்பிடும் பழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது.

அப்புறம் ஊர். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1337-ல் அவிஞ்ஞோனின் சந்தடியை வெறுத்து இங்கே குடிவந்தார். இடையிடையே வெளியே போனாலும் 1353 வரை இதுதான் அவர் வீடு. சதுக்கத்தில் அவர் நினைவாக 1804-ல் எழுப்பிய தூண் நிற்கிறது. பக்கத்துத் தேவாலயத்தையும் விடாதீர்கள், ஆயிரம் ஆண்டுப் பழமை. ஆற்று விசையில் ஓடிய காகித ஆலைகள் மூடிவிட்டன. ஆனால் ஒரு பட்டறையில் நீர்ச்சக்கரம் இன்றும் சுழல, கையால் காகிதம் செய்து காட்டுகிறார்கள்.

கோடையில் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் ஊற்றுப் பாதையில் கூட்டம் நெரிகிறது.