நான்கு மாதக் கப்பலுக்குப் பதின்மூன்று மாத ஆயத்தம்

2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையில் தாமிரபரணி எங்கள் சிந்துபூந்துறை வீட்டுக்குள் இடுப்பளவு நின்றபோது, பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த எங்கள் இருவருடைய கடவுச்சீட்டுகளும் தண்ணீருக்குள் இருந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம் அது. ஊரில் எத்தனையோ பேர் வீட்டையும் வயலையும் ஆடுமாடுகளையும் இழந்து நின்ற வேளையில், நனைந்த இரண்டு புத்தகங்களுக்காக வருந்துவதே தவறு என்று தோன்றியது. ஆனால் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு 120 நாட்களில் உலகைச் சுற்றிவரும் ஒரு கப்பலில் இடம் பதிவுசெய்து முன்பணமும் கட்டியிருந்தோம். நான் வங்கிப் பணியிலும் என் கணவர் அஞ்சல் துறையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். எனக்கு 62 வயது, அவருக்கு 66. ஒன்பது ஆண்டுகள் இதற்கென்றே பணம் ஒதுக்கி வந்தோம். எங்களுக்குப் பின் இப்படிப் போக விரும்புகிற நம் பக்கத்துக்காரர்கள் சிலர் கேட்டதால், அந்தப் பதின்மூன்று மாதங்களில் எதை எப்போது செய்தோம் என்பதை எழுதுகிறேன்.

கடவுச்சீட்டுதான் எல்லாவற்றுக்கும் முதல். தண்ணீரில் ஊறிய கடவுச்சீட்டைக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது. சேதமடைந்தது என்ற வகையில் விண்ணப்பித்துப் புதியது வாங்க வேண்டும். பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும் என்பது கப்பல் நிறுவனத்தின் நிபந்தனை. ஒவ்வொரு துறைமுகத்திலும் முத்திரை விழும் என்பதால் 36 பக்கத்துக்குப் பதிலாக 60 பக்கப் புத்தகம் கேட்டு, திருநெல்வேலி கடவுச்சீட்டு சேவை மையத்தில் பிப்ரவரியில் விண்ணப்பித்தோம்.

அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான், வெள்ளம் வராமல் இருந்திருந்தால் மிகத் தாமதமாகத் தெரியவந்திருக்கக்கூடிய ஒரு பிழை எங்கள் கண்ணில் பட்டது. பழைய கடவுச்சீட்டில் என் பெயர் ஒற்றைச் சொல்லாக இருந்தது. குடும்பப் பெயருக்கான இடம் காலி. கப்பல் பதிவில் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாததால், அதில் என் கணவர் பெயரை எழுதியிருந்தோம். ஓய்வூதியப் புத்தகத்திலும் பான் அட்டையிலும் என் தந்தையின் முதலெழுத்து தலைப்பெழுத்தாக நின்றது. ஆக, ஒரே ஆளுக்கு மூன்று பெயர். பாளையங்கோட்டையில் எங்களுக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் தம்பி இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இனிசியல அங்கன யாரும் பேருன்னு ஏத்துக்கிட மாட்டாவ. அப்பா பேர முழுசா எழுதிப்பிடுங்க" என்றார். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து அனுமதிப்பதில்லை என்பதும், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை அமெரிக்க விசாவில் அச்சிட்டுவிடுவார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புதிய கடவுச்சீட்டில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக முழுமையாக எழுதச் செய்து, அதே எழுத்துக்கோவையில் கப்பல் பதிவையும் திருத்தச் சொன்னோம். தமிழர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மார்ச் இறுதியில் புதிய கடவுச்சீட்டு கைக்கு வந்தது. ஏப்ரலில் கப்பல் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படுவதால் சூயஸ் கால்வாய் வழியைக் கைவிட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகத் திரும்பப் போவதாக அதில் எழுதியிருந்தார்கள். பிரமிடுகளைப் பார்க்க முடியாதே என்று என் கணவர் மிகவும் வருந்தினார். எனக்கோ அதுவரை எழுதி வைத்திருந்த விசாப் பட்டியல் முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. எகிப்தும் ஜோர்டானும் நீங்கின. கென்யாவின் மொம்பாசா, தென்னாப்பிரிக்காவின் டர்பன், கேப் டவுன் ஆகியவை சேர்ந்தன.

இவ்வகைப் பயணத்தில், ஒரு துறைமுகத்தில் நாம் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்வோம் என்று சொல்லி அந்நாட்டு விசாவைத் தவிர்க்க முடியாது. பட்டியலில் ஒன்று குறைந்தாலும் புறப்படும் துறைமுகத்திலேயே ஏற்ற மறுக்கும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு. கட்டிய பணமும் போய்விடும். எங்களுக்குத் தேவைப்பட்டவற்றை நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், இலங்கை, கென்யா ஆகியவை மின்வழியில் கிடைப்பவை. அவற்றுக்குக் கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அமெரிக்கா, தஹித்தி, ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கும் கடவுச்சீட்டில் ஒட்டப்படுபவை. ஒரு நேரத்தில் ஒரு தூதரகத்தில்தான் புத்தகம் இருக்க முடியும் என்பதால், இந்த நான்கின் வரிசைதான் எங்கள் ஆண்டையே தீர்மானித்தது. பசிபிக் தீவான தஹித்தி பிரெஞ்சு ஆட்சிப் பகுதியே ஆனாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது. அதற்குத் தனி விசா வேண்டும். ஷெங்கன் விசாவுக்கோ பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பு விண்ணப்பிக்கவே முடியாது. ஏப்ரல் மாதத்தில்தான் ஸ்பெயினுக்குரிய கேனரித் தீவுகளுக்குப் போகிறோம் என்பதால் அக்டோபர் வரை காத்திருந்தே ஆக வேண்டும். ஆகவே நேர்காணலுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டிய அமெரிக்காவை முதலில் வைத்து, செப்டம்பரில் தஹித்தி, அக்டோபரில் ஸ்பெயின், நவம்பரில் தென்னாப்பிரிக்கா என்று சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதினேன்.

புகைப்படமே ஒரு தனி வேலையாகிவிட்டது. அமெரிக்காவுக்கு 2 அங்குலச் சதுரம். ஷெங்கனுக்கு 35க்கு 45 மி.மீ., அதில் முகம் முக்கால் பங்கு தெரிய வேண்டும். அமெரிக்கப் படத்தில் கண்ணாடி அணியக் கூடாது. பாளையங்கோட்டை மார்க்கெட் அருகில் முப்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பப் படங்களை எடுத்து வரும் அண்ணாச்சி, ஒரு மரக்கட்டை அளவுகோலைத் திரையின் மேலேயே வைத்து, என் உச்சியிலிருந்து தாடை வரை இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் அச்சிட்டார். ஏழு மாதங்களில் எந்தத் தூதரகமும் எங்கள் படத்தைத் திருப்பி அனுப்பவில்லை.

சென்னைக்கு நான்கு முறை நெல்லை எக்ஸ்பிரஸில் போய் வந்தோம். அமெரிக்க விசாவுக்கு ஒரு நாள் கைரேகையும் மறுநாள் நேர்காணலும் என்பதால் இரண்டு நாள் தங்க வேண்டும். ஜூலையில் நடந்த நேர்காணலில், எந்தக் கப்பல், எத்தனை நாள், செலவு யாருடையது என்று கேட்டார்கள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. வங்கிக் கணக்குகள், ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திர நகல் என்று சுமந்து போன கோப்பை அந்த அதிகாரி திறக்கவே சொல்லவில்லை. ஆனால் ஸ்பெயின் விசாவுக்கு அதே கோப்பின் ஒவ்வொரு தாளும் தேவைப்பட்டது.

வழி மாறியதால் வந்த இன்னொரு தேவை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து வருவோரிடம் தென்னாப்பிரிக்கா அந்தச் சான்றிதழைக் கேட்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்கள் இதை முதல்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவுக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், எங்கள் குடும்ப மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, இரத்தப் பரிசோதனைகளையும் முடித்துக்கொண்டு, அக்டோபர்ப் பயணத்தின்போது சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தில் போட்டுக்கொண்டோம். முட்டை ஒவ்வாமை உண்டா என்று அங்கே கேட்டார்கள். அப்படி உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கணவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. பயந்து போனேன்; மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

மருந்துதான் என்னை மிகவும் அலைக்கழித்த பகுதி. என் கணவருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், எனக்குத் தைராய்டு. 120 நாளுக்கு மேல் 15 நாள் கூட்டி 135 நாள் என்று கணக்கிட்டால், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மட்டுமே, நாளுக்கு இரண்டு வீதம், 270 மாத்திரை. நம் ஊர் மருந்துக்கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கிற பழக்கம் உண்டு. வெட்டிய துண்டில் சில சமயம் மருந்தின் பெயர் இருக்காது, சில சமயம் காலாவதித் தேதி இருக்காது. அப்படிப்பட்ட துண்டுகளைச் சுங்க அதிகாரி முன் வைத்தால் என்ன மருந்து என்று எப்படி மெய்ப்பிப்பது? முழு அட்டைகளாக, ரசீதோடு, 2025 செப்டம்பருக்குப் பிறகே காலாவதியாகும் சரக்காக வேண்டும் என்று கேட்டபோது, கடைக்காரர் மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தில், நம் கடைகளில் வழங்கும் வணிகப் பெயரோடு மருந்தின் வேதிப்பெயரையும் எழுதச் சொன்னோம். முழங்கால் வலிக்கு என் கணவர் வைத்திருந்த மாத்திரையில் டிராமடால் இருந்தது. பல நாடுகளில் அது கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் மருத்துவர் அதை நிறுத்தி, பாராசிட்டமாலுக்கு மாற்றினார்.

இன்சுலினை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்; சரக்கு அறையில் உறைந்துவிட்டால் பயன்படாது. கப்பல் மேற்கு நோக்கிப் போவதால் அவ்வப்போது இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள்; அன்றைக்கு நாளுக்கு 25 மணி நேரம். அந்த இரவுகளில் ஊசியை எப்படிப் போடுவது என்று மருத்துவர் ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் கண்ணாடிக் காகிதத்தில் உறையிட்டு வைத்தோம்.

பணத்தைப் பற்றி என் தொழில் பழக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2024இல் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குக் கட்டும் பணத்தில் முதல் 7 லட்சத்துக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 20 சதவீதமும் வரியாக முன்கூட்டியே பிடித்தார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது இதைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்பியும் வரும். ஆனாலும் கட்டும் நாளில் கையில் இருந்தாக வேண்டும். இருவரும் அவரவர் பான் எண்ணில் தனித்தனியாகக் கட்டியதால் 7 லட்ச வரம்பு இருவருக்கும் தனித்தனியே கிடைத்தது. மருத்துவக் காப்பீட்டில் ஷெங்கன் கேட்பது குறைந்தது 30,000 யூரோ. நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோகும் செலவுக்கு அது எவ்விதத்திலும் போதாது; அந்தச் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுத்தோம். பழைய நோய்களை மறைக்காமல் எழுதியதால் கட்டணம் கூடியது. அதில் எனக்கு வருத்தமில்லை.

அறையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2011இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சில மாதங்கள் ஓடிய பயணிகள் கப்பலில் நாங்கள் போனபோது, நான் அந்த இரவு முழுவதும் தலை தூக்கவில்லை. கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு என்பதை அப்போது ஒரு பணியாளர் சொன்னார். அதை நினைவில் வைத்து, மேல்தளத்தில் பால்கனியோடு கூடிய அறையை விட்டுவிட்டு, நான்காம் தளத்தில் நடு அறையைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பயணத்தில் படுத்திருந்தபோதும் ஒரு நிறைவு இருந்தது. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் ஓட்டியதும் அதே தூத்துக்குடி–கொழும்பு வழிதான். இந்தமுறை உலகைப் பாதி சுற்றி, மறுபக்கத்திலிருந்து அதே கொழும்புக்குள் நுழையப் போகிறோம் என்பதை எண்ணும்போதெல்லாம் உடம்பு சிலிர்த்தது.

பெட்டி கட்டுவதில் சொல்ல அதிகமில்லை. இஸ்திரிப் பெட்டியும் மின்கெண்டியும் கப்பலில் அனுமதியில்லை. துணி துவைக்கும் வசதி உண்டு. சாப்பாட்டுப் பொருள்தான் வீட்டில் விவாதமானது. "நாலு மாசமும் அந்த ரொட்டியவா தின்னுக்கிட்டு கெடப்பீய?" என்று மதினி இட்லிப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் உடன்குடிக் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் செய்த உணவை எங்கள் கப்பல் ஏற்றுக்கொள்ளாது. ஆலையில் அடைத்து முத்திரையிட்ட பொட்டலங்கள் மட்டும் போகலாம். நியூசிலாந்தில் தெரிவிக்காமல் ஒரு பழத்தைக் கையில் கொண்டு இறங்கினாலே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். சிட்னியில் இருக்கும் என் தோழிக்காக வாங்கிய பத்தமடைப் பாயும் கோரைப்புல் என்பதால், இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டிய பொருள். மதினி மனம் நோகக் கூடாதென்று அந்த இட்லிப் பொடியைப் புறப்படும் நாள்வரை தினமும் அவர்கள் முன்னாலேயே தொட்டுச் சாப்பிட்டோம். பாயை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நவம்பரில் இருவரும் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றைக் கொடுத்தோம். உயில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம். வீட்டுப் பத்திரங்களை மாடியில், அதுவும் மேல்தட்டில் வைத்தோம். சாவி எதிர்வீட்டு அக்காவிடம்.

ஜனவரி முதல் வாரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினோம். ஃபோர்ட் லாடர்டேல் முனையத்தில் ஒரு பெண் எங்கள் கடவுச்சீட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, நான்கு விசாக்களையும் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, மின்வழி அனுமதித் தாள்களை எண்ணி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் பார்த்து முடித்தார். நீண்ட பயணங்களில் துறைமுகச் சடங்குகளுக்காகக் கடவுச்சீட்டுகளைக் கப்பலே வைத்துக்கொள்ளும் என்பதை அப்போதுதான் விளக்கினார். வெள்ளத்துக்குப் பிறகு தலைமாட்டிலேயே வைத்துத் தூங்கிய அந்த இரண்டு புத்தகங்களையும் அவரிடம் கொடுத்து, கையெழுத்திட்ட ரசீதை வாங்கிக்கொண்டு, நான்காம் தளத்துக்குப் போனோம்.