பெரிய தாத்தாவின் திதி

பாட்டியின் அண்ணன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். போர் முடிந்தபின் அவர் இறந்துவிட்டதாக ஒரு கடிதம் வந்ததாம். அதைக் கரையான் அரித்துவிட்டது, தேதி யாருக்கும் நினைவில்லை. நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் அவருக்குப் படையல். என்றைக்குப் போனார் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பார் பாட்டி. அவருக்கு வயது 88.

ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்தேன். அவ்வளவு பழைய காகிதம் இல்லை என்றார்கள். அப்புறம்தான், உலகப் போர்களில் இறந்த வீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினேன். இலவசம்தான், ஆனால் பெயரை வைத்துத் தேடினால் சிக்காது. முனுசாமி போன்ற ஒரு பெயரையே அன்றைய எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். தேடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் படை எண்ணைக் கண்டுபிடியுங்கள். எங்களுக்கு அது பெரிய பாட்டியின் டிரங்குப் பெட்டியில், விதவை ஓய்வூதியத் தாளில் கிடைத்தது. அந்த எண்ணைப் போட்டதும் ஒரே ஒரு பதிவு வந்தது. தகப்பனார் பெயரும் ஊர்ப் பெயரும் பிழையோடு இருந்தாலும் எங்களுடையவைதான். இறந்தது 1944 மே. பெயர் இருக்கும் இடம் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகம், தூண் எண்ணோடு.

1943இல் ஆயிரக்கணக்கான இந்தியக் கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ கினித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பசியிலும், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயிலும், மலேரியாவிலும் செத்தவர்களே அதிகம். இவரும் அங்கே போனாரா என்று பதிவில் இல்லை. கல்லறை கிடையாது, பெயர் மட்டும்தான்.

அடுத்த பிப்ரவரியில் கிராஞ்சிக்குப் போனேன். கல்லறை கிடைக்காத 24,000 பேருக்கு மேல் அங்கே பெயர்கள். தூண் எண் கையில் இல்லாவிட்டால் ஒரு நாள் போதாது. தோழர்களுக்குக் கிடைத்த இறுதிச் சடங்குகள் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று அங்கே பொறித்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாட்டி இத்தனை வருடமாகச் சொன்னதும் அதைத்தானே.

பெயரைத் தொட்டபடியே பாட்டிக்குப் போன் போட்டு, ஆங்கிலத் தேதியை மறுபடியும் சொன்னேன். "வளர்பிறையா, தேய்பிறையா?" என்றார். ஊர் ஜோசியர் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து, வைகாசித் தேய்பிறையில் திதி குறித்துக் கொடுத்தார். இந்த வருடம் அன்றைக்குத்தான் இலை போட்டோம்.