இரண்டு மார்கரெட்டுகளும் ஒரு கேதமும்

நாலு வீடு தள்ளி இருந்த தாத்தா இறந்துபோனது எனக்கு ஏழு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் யாரும் வந்து சொல்லவில்லை. மாதம் ஒருமுறை கதவுத் துளை வழியாக வந்து விழும் ஊர்ப் பத்திரிகையில், தேவாலயத்துக்குப் பூ வைக்கிறவர்களின் முறைப் பட்டியலுக்கும் புகைபோக்கி சுத்தம் செய்கிறவரின் விளம்பரத்துக்கும் நடுவில் நாலு வரி இருந்தது. ஜனவரி 12ஆம் தேதி அமைதியாகக் காலமானார், அடக்கத்துக்கு வந்தவர்களுக்கும் அட்டை அனுப்பியவர்களுக்கும் குடும்பத்தாரின் நன்றி. அவ்வளவுதான்.

ஜனவரி 12 என்று படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால். அந்தப் பொங்கலன்று உறைபனியில் பின்தோட்டத்தில் கேம்ப்பிங் அடுப்பை வைத்து, பால் பொங்கும்போது மகள் தட்டைத் தட்ட, நானும் மனைவியும் “பொங்கலோ பொங்கல்” என்று தெருவே கேட்கக் கத்தினோம். அது மட்டும் இல்லை. ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு தாத்தா வீட்டுக் கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் டப்பா பளபளவென்று கழுவி எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தது. உள்ளே சின்னத் தாளில் “நன்றி, ரொம்ப ருசி” என்று எழுதியிருந்தது. தாத்தாதான் எழுதியிருக்கிறார் என்று நினைத்து மகளிடம் பெருமையாகக் காட்டினேன்.

பிணம் எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைக்காத தெருவில் வளர்ந்தவன் நான். சாமியே நடை சாத்திக்கொள்ளும் ஊர். அப்படிப்பட்டவன் சாவு வீட்டு வாசலில் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இதை எங்கள் ஆச்சி கேட்டிருந்தால் என்னைத் தெருவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பாள்.

சரி, இது எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தின் வடக்கு ஓரம், வேவ்னி ஆற்றுக்குத் தெற்கே பங்கே என்று ஒரு சிறு நகரம். அதைத் தாண்டினால் வயலும் வேலியும் நடுவில் இறைந்து கிடக்கும் சின்னச் சின்ன ஊர்களும்தான். இந்த ஊர்களை மொத்தமாக ‘செயின்ட்ஸ்’ என்கிறார்கள், அதாவது புனிதர்கள். சவுத் எல்ம்ஹாம் என்ற பெயரில் ஏழு ஊர், இல்கெட்ஷல் என்ற பெயரில் நாலு ஊர், ஒவ்வொன்றுக்கும் வாலாக ஒரு புனிதரின் பெயர். எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஏதும் இல்லை. நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள், தாமிரபரணிக் கரையில் நவதிருப்பதியைச் சுற்றி வளர்ந்தவன். சாமி பெயரால் ஊரை அடையாளம் சொல்வது நமக்குப் புதுசா? அங்கே இரட்டைத் திருப்பதி என்று அடுத்தடுத்து இரண்டு கோயில் இருப்பதைப் போல இங்கேயும் ஓர் இரட்டை உண்டு: சவுத் எல்ம்ஹாமிலும் ஒரு செயின்ட் மார்கரெட், இல்கெட்ஷலிலும் ஒரு செயின்ட் மார்கரெட்.

இந்த இரண்டில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பார்சல்காரர்கள் நம்புவதில்லை. மனைவியின் தங்கை அனுப்பிய இட்லிப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இன்னொரு மார்கரெட்டில் ஒரு பண்ணைவீட்டுக் கொட்டகையில் ஒன்பது நாள் கிடந்தன. அந்தப் பண்ணைக்காரர் கடைசியில் அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். “உள்ளே ஏதோ செத்திருக்கிறது என்று நினைக்கிறேன்” என்றார். ஊறுகாயின் வாசனை அப்படி.

இந்தப் பாதைகளில் வழி தவறாதவர் யாரும் கிடையாது. பங்கேயிலிருந்து ஹேல்ஸ்வொர்த் போகும் ரோமர் காலத்துச் சாலை மட்டும் அடிகோல் வைத்துக் கோடு போட்டதைப் போல நேராக ஓடும். அதிலிருந்து பக்கவாட்டில் இறங்கிவிட்டால் போச்சு, ஒவ்வொரு வளைவிலும் ஒரு புனிதரின் பெயர்ப்பலகை கையை நீட்டிக்கொண்டு நிற்கும். 1940இல், ஜெர்மானியர் இறங்கிவிட்டால் வழி தெரியக்கூடாது என்று நாடெங்கும் கைகாட்டிகளைப் பிடுங்கினார்களாம். இங்கே அதற்குத் தேவையே இருந்திருக்காது.

2021இல் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து வந்தோம். வாடகை குறைவு என்பதால் நகரத்தை விட்டு இத்தனை தூரம் உள்ளே வந்து குடியேறினோம். முதல் மாதம், இங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்றே சந்தேகம். டீக்கடை இல்லை, முக்குக் கடை இல்லை, திண்ணை இல்லை. சிவப்பு டெலிபோன் பெட்டி ஒன்று உண்டு, அதில் டெலிபோன் இல்லை. ஒரு பவுண்டுக்கு ஊரார் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் வந்தபோது வாங்கி, இதயம் நின்றுபோனவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை உள்ளே மாட்டியிருக்கிறார்கள். சாலையோரத்தில் ஒரு மேஜை, அதில் முட்டை, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. முட்டை விற்கிறவரை இன்றுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் போட்ட காசு அவருக்குப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான் எங்கள் உறவு.

ஊர் என்று ஒன்று இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியதே அந்தப் பத்திரிகைதான். ஏ5 அளவு, கறுப்பு வெள்ளை, நடுவில் இரண்டு பின். நாலைந்து ஊருக்குச் சேர்த்து ஒன்று. எல்லா தேவாலயங்களுக்கும் சேர்த்துப் பாதிரியார் ஒருவர்தான், அதனால் இந்த ஞாயிறு எந்தப் புனிதரிடம் பூசை என்று முதல் பக்கத்தில் அட்டவணை. அப்புறம் பாரிஷ் கவுன்சில் கூட்டக் குறிப்பு. நம் ஊராட்சி மாதிரி என்று சொல்லலாம், ஆனால் அதைவிட எளிய அமைப்பு. 1894ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது. சம்பளம் இல்லாத உறுப்பினர்கள் கூடி, வேலியை யார் வெட்டுவது, நாய் போன இடத்தை யார் அள்ளுவது, குழிவிழுந்த சாலையைப் பற்றி மாவட்டத்துக்கு எத்தனையாவது முறை எழுதுவது என்று விவாதிப்பார்கள். ஒரு குழியைப் பற்றிப் பதினாலு மாதம் தொடர்ந்து படித்தேன். தொடர்கதைக்கு இல்லாத விறுவிறுப்பு. கடைசியில் அதை அடைத்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

காணாமல் போன பூனை, கிடைத்த கையுறை, அறுவடை விருந்துக்கு யார் யார் ஆப்பிள் பை கொண்டுவருவது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பத்திரிகை சொல்லாததுதான் அதிகம். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மகன் யாரோடு பேசுவதில்லை, எதுவும் வராது. எங்கள் ஊரில் இதற்காகவே ஒரு அத்தை இருந்தாள். காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போகிறவள் திரும்பி வரும்போது கையில் அரை லிட்டர் பாலும் மடியில் ஒன்பது ஊர்ச் செய்தியும் இருக்கும். சாவென்றால் அத்தைகூட வேண்டாம். சங்குச் சத்தமும் சேகண்டியும் கேட்கும். முக்கில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பசை காயாமல் நிற்கும். அதில் பிறப்பு, இறப்பு, அழும் உறவினர் பட்டியல், அச்சகத்தின் போன் நம்பர் எல்லாம் இருக்கும்.

இங்கே அப்படி எதுவும் இல்லை. அடக்கத்துக்குப் பொறுப்பான கம்பெனியின் கறுப்பு வண்டி இரவே வந்து தாத்தாவை நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வாசலில் இரண்டு மூன்று கார் நின்றதைப் பார்த்தேன், விருந்தாளிகள் என்று நினைத்தேன். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் மாதம் அது. மூன்று வாரம் கழித்து அடக்கம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் “எனக்குச் சொல்லியிருக்கலாமே” என்றேன். அவர் உண்மையிலேயே வருந்தினார். “உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தோம்” என்றார்.

தொந்தரவு! நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், கெட்ட காரியத்துக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்று பால்குடியோடு சேர்த்து ஊட்டி வளர்த்த ஆட்கள் நாங்கள். ஆனால் கூப்பிடாமல் போவதற்கு முதலில் தெரிய வேண்டும் இல்லையா?

அந்தத் தாத்தா எனக்கு என்ன ஆனார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேலியோரம் கொம்பு நட்டு ரன்னர் பீன்ஸ் ஏற்றுவார். ஆகஸ்டில் தினம் ஒரு கை பறித்து எங்கள் வாசல் கைப்பிடியில் பையோடு மாட்டிவிட்டுப் போவார். நாங்கள் தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்து ஒரு கிண்ணம் அனுப்புவோம். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பீன்ஸ் தாத்தா. அவர் எங்களுக்கு என்ன பெயர் வைத்திருந்தாரோ.

கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, போயே தீர்வது என்று மார்ச் முதல் சனிக்கிழமை கிளம்பினேன். தாத்தாவின் மகள் வாரக் கடைசியில் வந்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார், அறுபதை நெருங்குகிறவர். வெறுங்கையோடு போனேன், அதுதானே முறை. “டீ குடிக்கிறீர்களா” என்று கேட்டார், தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று. பொங்கல் டப்பாவைப் பற்றித் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அந்த வாரம் முழுக்க அவர் சமைக்கவே இல்லையாம், அந்தப் பொங்கலைத்தான் இரண்டு நாள் சூடு பண்ணிச் சாப்பிட்டாராம். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து, எதுவும் சொல்லாமல் வெளியே நடந்தேன். பின்னாலிருந்து “பை பை” என்றார், இரண்டு முறை. திரும்பிப் பார்க்கவில்லை. பாதித் தெரு வந்த பிறகுதான் உறைத்தது, சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் மனைவி. “என்னங்க, தலைக்குக் குளிக்காம உள்ள வராதீங்க.” வெளியே நாலு டிகிரி. இறந்து ஏழு வாரம் ஆகிவிட்டது, தீட்டெல்லாம் கழிந்திருக்கும் என்று வாதாடினேன். பதினாறாம் நாள் யாராவது காரியம் பண்ணினார்களா என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, குளித்தேன்.

அடுத்த வாரம் ஊர் மண்டபத்தில் காப்பிக் கூட்டம். இந்தப் பக்கத்து மொழியில் அரட்டைக்கு ‘மார்டில்’ என்று ஒரு நல்ல சொல் உண்டு. அப்படி மார்டில் அடித்துக்கொண்டிருந்தபோது மணி அடிக்கும் கோஷ்டியில் இருந்த ஒரு முதியவரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் சிரித்தார். “அந்தக் காலத்தில் நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம்” என்றார். யாராவது இறந்தால் தேவாலயத்துப் பெரிய மணி அடிக்குமாம். மூன்று மூன்றாக மூன்று தடவை என்றால் ஆண், இரண்டிரண்டாக மூன்று தடவை என்றால் பெண். ஊருக்கு ஊர் கணக்குக் கொஞ்சம் மாறும். கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் வயசுக்கு ஒன்று வீதம். அவருடைய அப்பா வயலில் உழுதுகொண்டிருப்பவர் கலப்பையை நிறுத்திவிட்டு எண்ணுவாராம். எழுபத்தெட்டு என்றால் இன்னார், முப்பது என்றால் ஐயோ அந்தப் பெண்ணா, நாலோடு நின்றுவிட்டால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாராம்.

பக்கத்தில் செயின்ட் மைக்கேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. இரண்டு உலகப் போருக்கும் போன பையன்கள் எல்லாரும் உயிரோடு திரும்பிவந்த ஊர். முதல் போரில் அப்படித் தப்பித்தவை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஐம்பதுக்குச் சற்று மேல்தானாம். இரண்டிலும் தப்பித்தவை அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மற்ற ஊர்களிலெல்லாம் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. தந்தி என்றாலே பிரிக்காமல் ஒப்பாரி வைத்த ஊரிலிருந்து வந்த எனக்கு, கெட்ட செய்தி வராமலே போன அந்த ஊர் வழியாகக் காரோட்டும்போது ஒவ்வொரு முறையும் வேகம் குறைந்துவிடுகிறது.

இங்கே பழகிவிட்டேன் என்றுதான் ஊரில் எல்லாரிடமும் சொல்கிறேன். வீட்டுக்குள்ளே செருப்பைக் கழற்றாமல் நடக்கிறேன், மழையைப் பற்றி முன்பின் தெரியாதவரோடு பத்து நிமிஷம் பேசுகிறேன். ஆனால் போன வருஷம் பெரியப்பா போனபோது செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது, காலை ஐந்தரைக்கு. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அங்கே பதினொரு மணி. “பொழுது சாயறதுக்குள்ள எடுத்திருவோம்” என்றான் அண்ணன். நான் கிளம்பினால் அடுத்த நாள் மத்தியானம்தான் தூத்துக்குடி. நீர்மாலை எடுப்பதை வீடியோவில் பார்த்தேன், படம் நடுநடுவே உறைந்தது. அங்கிருந்து எனக்குச் செய்தி வந்தது, அவர்களால் காத்திருக்க முடியவில்லை. இங்கே மூன்று வாரம் காத்திருந்தார்கள், எனக்குச் செய்தி வரவில்லை.

இப்போது எங்கள் பக்கத்து முப்பத்திரண்டு வீட்டுக்கும் பத்திரிகை போடுகிறவன் நானேதான். ஆள் வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. துளையில் திணித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். நான் தட்டிக் கையில் கொடுக்கிறேன். முதலில் பயந்தார்கள், இப்போது சிலர் டீ போட்டு வைக்கிறார்கள். முட்டைக்காரர் வீட்டை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் தாத்தாவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய கவரில் பீன்ஸ் விதை, மேலே தாத்தாவின் கையெழுத்தில் “மே பாதிக்கு முன்னால் ஊன்றாதே.” அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்காமல் போனது ஏன் என்று மனைவி அவருக்கு விளக்கினாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். காப்பி குடித்தார், முறுக்கு இரண்டு சாப்பிட்டார். அப்புறம் எழுந்து, எங்களைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

“ஐயையோ, நல்ல வீட்டில!” என்று மனைவி செருப்புகூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினாள். அவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, வாசல்படிக்குத் திரும்பக் கூட்டிவந்து, சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது தடவைதான் வந்தது: “போய்ட்டு வரேன்.”