பிணை எல்க்கை அழைப்பது

லாட வடிவச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய லேடெக்ஸ் சவ்வு, அதைச் சுற்றி ஒட்டிய பட்டை. அவ்வளவுதான் டயாஃப்ரம் ஊதல். அதை மேலண்ணத்தில் பதித்து, நாக்கால் மெல்ல அழுத்தி, வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளினால், எல்க் என்ற வட அமெரிக்கப் பெரிய மானின் பெண்குரல் வரவேண்டும். வேட்டையில் அதை ஏமாற்றத்தான் இந்த ஊதல். எனக்கு முதல் இரண்டு வாரங்கள் குமட்டல்தான் வந்தது. நாக்கின் அழுத்தத்தை முதலில் கூட்டி உடனே தளர்த்தினால், உச்சத்தில் தொடங்கிக் கீழே வழுக்கி இறங்கும் ‘ஈ...யூ’ என்ற ஒலி பிறக்கும் என்பதைப் பிடித்துக்கொண்ட பின், டென்வரில் அலுவலகம் போகும் வழியில் காருக்குள் பழகினேன். “அப்பா, ஸ்கூல் வாசல்ல மட்டும் அதை வாயிலேர்ந்து எடுத்துடுங்க” என்று மகள் கேட்டுக்கொண்டதால், அவள் இறங்கிய பிறகே பழகினேன்.

தமிழில் ஆண் மானுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி என்று அழகான சொற்கள் இருப்பதால் இங்கும் அவற்றையே பயன்படுத்துகிறேன். எல்க் நம் கடமானைவிடப் பெரியது. வளர்ந்த பிணை ஏறக்குறைய 225 கிலோ இருக்கும். (இலங்கையில் ஆங்கிலேயர் கடமானையே எல்க் என்று அழைத்தார்கள். நுவரெலியாப் பக்கம் எல்க் பிளெயின்ஸ் என்ற ஊர்ப்பெயரில் அது இன்னும் தங்கியிருக்கிறது.)

எல்க் அழைப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது செப்டம்பர் மாதத்துக் கலையின் பிளிறல். இணைசேரும் காலத்தில் பிணையின் குரலை ஊதினால் கலை தேடி வரும். அதன் காரணம் யாருக்கும் விளங்கும். என் கையில் இருந்ததோ கொம்பில்லா எல்க்கை, அதாவது பிணையை அல்லது மறியை, வேட்டையாடுவதற்கான உரிமம், அதுவும் இணைசேரும் காலம் முடிந்த அக்டோபர் இறுதிக்கு. கொலராடோவில் மீக்கர் ஊரை ஒட்டிய ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதியில், காதல் கதையெல்லாம் ஓய்ந்துபோன ஒரு கூட்டத்தில், ஒரு பிணை எதற்காக என் குரலைக் கேட்டு நிற்கவேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

விடை எளியது. பிணைகள் நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருப்பவை. மேயும்போதும், மரச்செறிவுக்குள் நடக்கும்போதும், படுக்க இடம் மாறும்போதும் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்க, இன்னொன்று பதில் சொல்லும். எட்டரை மாதக் கர்ப்பத்துக்குப் பின் மே இறுதியிலும் ஜூனிலும் பிறக்கும் மறிகள் அக்டோபர் முடியும்போது ஐந்து மாதத்தை நெருங்கியிருந்தாலும் தாயின் பின்னாலேயே திரியும். ஆகவே அந்தக் குரலுக்கு ‘வா’ என்ற பொருள்கூட இல்லை. ‘நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்பதுதான். அதை ஆசைகாட்டும் குரலாக நினைத்து ஊதுகிறவன் தவறாகத்தான் ஊதுவான்.

நானும் அப்படித்தான் ஊதினேன். முதல் ஆண்டு, ஓக் புதர்கள் மண்டிய சரிவில் ஒன்பது பிணைகளைக் கண்டதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விதவிதமாக ஊதித் தள்ளினேன். முன்னால் நின்ற கிழப் பிணை தலையை உயர்த்தி நான் இருந்த திசையை நெடுநேரம் பார்த்தது. பிறகு நேராக வராமல், காற்று என் மேல் பட்டு அதன் பக்கம் போகும் இடத்தைத் தேடி அரைவட்டமாகச் சுற்றியது. நாய் குரைப்பதுபோல் ஒரே ஒரு வெடிப்பான ஒலி. அடுத்த நொடியில் சரிவில் ஒன்றுகூட இல்லை. என்னை அழைத்துச் சென்றிருந்த அண்டை வீட்டுப் பெரியவர் கோபிக்கவில்லை. கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டியதுபோல ஓயாமல் கத்துகிற பிணையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, வண்டியை நோக்கி நடந்தார்.

ஊதலைவிட முக்கியமானது காற்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மலையில் விடியற்காலைக் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் அதுவே மேல்நோக்கித் திரும்பும். பிணை காதால் கேட்டதை மூக்கால் உறுதிசெய்த பின்புதான் நம்பும். அதனால் அழைப்பவன், அது அரைவட்டம் அடிக்கும் பாதையைக் கணித்து, தன் வாடை அதற்கு எட்டுவதற்கு முன்பே ஒரு திறந்த வெளியை அது கடக்கும்படி உட்கார வேண்டும்.

இணைசேரும் காலம் முடிந்த பின் ஊதலின் பெரும்பயன் வரவழைப்பது அல்ல என்பது என் கருத்து. காலடியில் சுள்ளி ஒடிந்துவிட்டால், உடனே தாழ்வாக ஒருமுறை ஊதி அதை எல்க்கின் நடையாக்கிவிடலாம். நடந்துகொண்டிருக்கும் பிணையைச் சுடுவதற்கு முன் இரண்டு நொடி நிறுத்தவும் அதே குரல் போதும். மறியின் அவலக் குரலை ஊதினால் பிணை நிச்சயமாக ஓடிவரும் என்பார்கள், இருக்கலாம். என் உரிமத்தில் மறியையும் சுடலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டையும் நான் செய்வதில்லை, இதற்கு நீண்ட தர்க்கமும் என்னிடம் இல்லை.

சென்ற ஆண்டு, ரைஃபிளால் வேட்டையாட அனுமதிக்கும் பருவங்களில் இரண்டாவதில், கணுக்கால் அளவு பனியில், சட்டம் கேட்கும் 500 சதுர அங்குல ஆரஞ்சு நிறத்தை மார்பிலும் தலையிலும் அணிந்துகொண்டு, இலை உதிர்ந்த ஆஸ்பென் மரத்தில் சாய்ந்திருந்தேன். இருட்டிலிருந்தே ஒருமுறைகூட ஊதவில்லை. எட்டு மணிக்கு நான்கு பிணைகள் வரிசையாக வெளியில் வந்து, நிற்காமல் கடந்தன. மூன்றாவதன் பின்னால் மறி இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, ஒரே ஒருமுறை மெல்ல ஊதினேன். நான்கும் நின்றன. மூன்றாவது காதுகளை மட்டும் என் பக்கம் திருப்பியது. நூற்றிருபது கஜம் இருக்கும். சுட்டேன், அது இருபது அடி நடந்து, மடிந்து விழுந்தது.

மற்றவை சிதறி மரங்களுக்குள் ஓடின. சுட்டதும் எழுந்திருக்காதே, ஊது, கூட்டம் அடங்கும் என்று பெரியவர் சொல்லியிருந்ததால் தாழ்ந்த குரலில் ஊதினேன். ஒரு பிணை நின்று திரும்பிப் பார்த்தது. அதற்கும் அப்பால், நான் கவனிக்காத ஆஸ்பென் அடர்த்திக்குள்ளிருந்து, என் குரலைவிட உயர்ந்த, குறுகிய ஒரு குரல் பதில் சொன்னது. மறி. யாருடையது என்று தெரியவில்லை. அந்த வயதில் மறி தானே மேயும், கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் முறை அது கேட்டபோது டயாஃப்ரத்தை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த நின்ற பிணை பதில் சொல்லும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.